மாக்தா நாக்மனின் ஓவியநெறி

பாரதியாரின் புதுவை வாழ்க்கையை ஆராய்ந்தோர்க்கு மண்டயம் குடும்பத்தாரின் பெயர் புதிதன்று. 'இந்தியா' வார இதழ் 1906-இல் சென்னையில் தோன்றியதும், 1908-இல் அரசினரின் அடக்குமுறைக்கு ஆற்றாது புதுச்சேரிக்குப் பெயர்ந்ததும், அவ்விதழின்பொருட்டு அக்குடும்பத்தார் உற்ற இடுக்கண்களும் தமிழ் இதழியல் வரலாற்றில் நன்கு பதிவுற்றவை. அக்குடும்பத்தில் 1887-இல் பிறந்து, அவ்விதழ்ப் பணியில் பங்குகொண்டு, பின்னர் ஐரோப்பாவிற்குச் சென்று, கால் நூற்றாண்டிற்கு மேல் தாய்நாடு திரும்ப இயலாதிருந்தவர் மண்டயம் பார்த்தசாரதி திருமலாசாரியார். எம்.பி.டி. ஆசாரியார் என்னும் பெயரால் உலகம் அறிந்த அவரைப்பற்றி அண்மைக்காலத்தில் ஆராய்ச்சிகள் பெருகியுள்ளன. அவ்வாராய்ச்சிகளில் அவர்தம் துணைவியாரைப்பற்றிய செய்தி பெரும்பாலும் ஒரு தொடரில் அடங்கிவிடும்: 'உருசிய நாட்டு ஓவியப் பெண்மணி ஒருவரை மணந்தார்' என்பது அத்தொடர். அவ்வோவியப் பெண்மணியே மாக்தா நாக்மன். அவரை எவருடைய மனைவி என்றோ, எவருடைய படத்தை எழுதியவர் என்றோ நோக்காது, ஓவியர் என்ற அளவில் மட்டும் நோக்கினால் நமக்குக் கிட்டுவது யாது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருள்.

வினா எளிதுபோல் தோன்றினும் விடை எளிதன்று. மாக்தா எழுதிய ஓவியங்களுள் மிகப் பெரும்பகுதி இன்று காணக் கிடைக்கவில்லை. உருசியாவில் எழுதியவை புரட்சியிலும் உள்நாட்டுப் போரிலும் சிதறின. பெர்லினில் எழுதியவை அந்நகரின் அழிவோடு அழிந்தன போலும். பம்பாயில் எழுதியவை தனியார் இல்லங்களில் மறைந்து கிடக்கின்றன. லீனா பெர்ன்ஸ்டைன் ஆங்கிலத்தில் எழுதி 2020-இல் வெளியான வாழ்க்கை வரலாறு தோன்றும்வரை, இவற்றை ஒருங்குவைத்துப் பார்க்கும் வாய்ப்பே எவர்க்கும் இருந்ததில்லை. நூல் இறந்துபட, உரையாசிரியர் எடுத்தாண்ட மேற்கோள் ஒன்றிரண்டு மட்டும் எஞ்சிய நிலையில் அந்நூலைப்பற்றிப் பேசுவோர் நிலைமையே இவ்வோவியரைப்பற்றிப் பேசுவோர் நிலைமையும் ஆகும். மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் மறைந்துபோன தமிழ் நூல்களைத் தொகுத்துரைத்தபோது, எஞ்சியதைக்கொண்டு எஞ்சாததைப் புனைந்துரைக்காமல் காத்த எச்சரிக்கை ஈண்டும் வேண்டப்படுவதாம். அதனினும் வேண்டப்படுவது மற்றொன்று உண்டு. துன்புற்றார் ஒருவர்பால் நமக்கு எழும் இரக்கம் அவர்தம் கலையின் மதிப்பாக மாறிவிடலாகாது. இவர் வரலாற்றைப் படிப்போர் இவ்விழுக்கலில் எளிதில் வீழ்வர்.

மாக்தா 1889-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை யூதர், வழக்கறிஞர். தாய் லூத்தரன் சபையைச் சார்ந்த ஜெர்மானியக் குடியினர். இவரை 'உருசிய யூத ஓவியர்' என வழங்குதல் பொருந்துமா என்பது வினவத்தக்கதே. தாய்வழியே இனம் கொள்ளும் யூதர் மரபின்படி இவர் யூதர் ஆகார். வளர்ப்பும் தாயின் சமயத்தைத் தழுவியதே. ஆயின் 1933-இல் ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்தோர்க்கு இவ்வேறுபாடுகள் பொருட்டல்ல. தந்தையின் குருதி ஒன்றே அவர்க்குப் போதியதாயிருந்தது. தாம் கொள்ளாத அடையாளம் ஒன்றிற்காகத் துரத்தப்படுதல் அந்நூற்றாண்டில் பலர்க்கு நேர்ந்தது. இவர் ஓவியங்களில் யூத வாழ்வோ யூதச் சமயக் குறிகளோ இடம்பெற்றதாக அறியக் கூடவில்லை. எனவே அவ்வடைமொழி இவர் வாழ்க்கையை விளக்குமேயன்றிக் கலையை விளக்காது.

கலையை விளக்குவது இவர் பயின்ற பள்ளி. யெலிசவேத்தா ஸ்வான்த்ஸெவா என்னும் அம்மையார் நடத்திய அவ்வோவியப் பள்ளி, பீட்டர்ஸ்பர்க்கின் தவ்ரீச்செஸ்கயா தெருவில், கவிஞர் வியாச்செஸ்லாவ் இவானொவ் குடியிருந்த கட்டடத்திலேயே அமைந்திருந்தது. மேல்மாடியில் குறியீட்டுக் கவிஞர் கூடி இரவெல்லாம் உரையாடுவர். கீழே மாணவர் தூரிகை பிடிப்பர். கவிதையும் ஓவியமும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிய இடம் அஃது. லியோன் பாக்ஸ்ட் வண்ணமும் தொபுஷின்ஸ்கி கோடும் கற்பித்தனர். அரசுக் கலைக்கழகத்தில் மாணவர் பல்லாண்டுகள் சுண்ணப் பதுமைகளைப் பார்த்து வரைந்துகொண்டிருக்க, இங்கோ உயிருள்ள மனிதரை நிறமிக்க துணியின் முன் நிறுத்தி, உடலின் நிறமும் துணியின் நிறமும் ஒன்றையொன்று எவ்வாறு மாற்றுகின்றன என்பதைக் காணுமாறு பணித்தனர். ஒரு நிறம் தனித்து நின்று பொருள் தருவதில்லை, அண்டை நிறத்தோடு கூடியே பொருள் தரும் என்பதே பாக்ஸ்ட் கற்பித்தவற்றின் சாரம். 1910-இல் பாக்ஸ்ட் பாரிசு நகரை நாடிச் சென்றபின், குஸ்மா பெத்ரோவ்-வோத்கின் அப்பள்ளியின் ஆசிரியரானார். சிவப்பு, மஞ்சள், நீலம் என்னும் மூன்று முதல் நிறங்களைக்கொண்டே படத்தை நிறுத்தும் துணிவும், பழைய உருசியத் திருவுருவப் படங்களின் அமைதியை இக்கால மனிதரின் முகத்தில் ஏற்றும் திறனும் அவருடையவை. சிவப்புக் குதிரையை நீராட்டும் இளைஞரைக் காட்டும் அவர்தம் 1912-ஆம் ஆண்டு ஓவியம் உலகம் அறிந்தது. மாக்தா இவ்விரு ஆசிரியர்பாலும் பயின்றார்.

இப்பயிற்சியின் விளைவை நாம் நேரே காணவல்ல சான்று ஒன்று உண்டு. 1913-இல் கிரிமியாவின் கடற்கரை ஊராகிய கொக்தெபெலில், கவிஞர் வொலோஷினின் இல்லத்தில் கூடிய இளங்கலைஞருள் மாக்தாவும் இருந்தார். மரீனா த்ஸ்வெதாயெவா என்னும் கவிஞரும் இருந்தார். அப்போது மரீனாவிற்கு அகவை இருபது. கவிதை நூல்கள் வெளிவந்திருந்தனவேனும் அவர் பெரும்புகழ் இன்னும் பிறக்கவில்லை. அவ்வாண்டு மாக்தா எழுதிய மரீனாவின் படம் இன்று உருசிய இலக்கிய வரலாற்று நூல்களில் தவறாது இடம்பெறுகிறது. அக்கவிஞரை எதிரே அமர்த்தி எழுதிய எண்ணெய் வண்ணப்படமாக எஞ்சியது இஃது ஒன்றே என்பர். அப்படத்தைக் கவிஞர்க்காகப் பார்ப்போர் பலர். ஓவியர்க்காகப் பார்ப்போர் அரியர்.

ஓவியர்க்காகப் பார்ப்போம். நீல உடையும் அதற்கு மாறான சூடுடைய நிறங்களும் எதிரெதிர் நிற்கின்றன. அவற்றிடையே முகம் தன் நிறத்தை இரு பக்கத்திலிருந்தும் கடன்வாங்கிக்கொள்கிறது. இது பாக்ஸ்ட் கற்பித்த பாடம். முகத்தின் பெருந்தளங்கள் தெளிவாகப் பிரிந்து, நுண்விவரங்கள் ஒதுங்கி, ஓர் அமைதி கூடியிருக்கிறது. இது பெத்ரோவ்-வோத்கினின் பாடம். ஆயினும் இவ்விரண்டினும் அடங்காத ஒன்று அப்படத்தில் உள்ளது. பிற்காலத்தார் மரீனாவைப்பற்றி எழுதும்போது புயல் என்பர், தீ என்பர். அவர் 1941-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட முடிவை முன்வைத்து, இளமைக்கால முகத்திலும் அவலத்தைத் தேடுவர். மாக்தாவின் படத்தில் அவலம் இல்லை, புயலும் இல்லை. எதிரே இருக்கும் இளம்பெண் தன்னைப் பார்ப்பவரைச் சற்றே ஒதுக்கி, தன் எண்ணத்துள் நிற்கிறாள். ஓவியர் அவ்வொதுக்கத்தை மீற முயலவில்லை. தாம் அறியாததை முகத்தில் எழுதாமை என்னும் இக்கட்டுப்பாடே மாக்தாவின் தனித்திறன் என்று கருதுகிறேன். முகத்தின்வழி உள்ளத்தைக் கறந்து காட்டுவதே உருவப்படத்தின் உயர்வு எனக் கொள்வார்க்கு இது குறையாகப் படலாம். அவர் கருத்தோடு நான் உடன்படேன்.

அதே ஸ்வான்த்ஸெவா பள்ளியில் 1909 முதல் பயின்ற மற்றொரு மாணவரை ஈண்டு ஒப்புநோக்குதல் பயன்தரும். அவர் மார்க் ஷகால். பாரிசு, பெர்லின், நியூயார்க்கு என எங்குச் சென்றாலும் ஷகால் தம் ஊராகிய வீத்தெப்ஸ்கைச் சுமந்தே சென்றார். கூரைமேல் இருந்து பிடில் வாசிப்போனும், வானில் பறக்கும் காதலரும், மரவீடுகளும் அவர் எழுதிய எந்நாட்டு வானத்தின் கீழும் தோன்றுவர். புலம்பெயர்ந்தோன் கலை என்றால் இழந்த ஊரின் கனவு என்று நாம் எதிர்பார்க்கப் பழகியதற்கு ஷகாலின் பெருவெற்றியும் ஒரு காரணம். மாக்தாவோ இதற்கு நேர்மாறு. 1922-க்குப் பின் அவர் உருசியாவைக் காணவில்லை. இதுவரை அச்சில் வெளிவந்த பிற்கால ஓவியங்களில் உருசியாவை எழுதவும் இல்லை. பெர்லினில் பெர்லின் மாந்தரை எழுதினார். பம்பாயில் பம்பாய் மாந்தரை எழுதினார். கண்முன் இல்லாததை எழுத இவர் கை எழவில்லை. கற்பனை வறட்சி என்று இதனைக் கூறுதல் எளிது. ஆனால் மரீனாவின் படத்தில் நாம் கண்ட கட்டுப்பாடே இங்கும் தொழிற்படுகிறது என்பதை மறத்தலாகாது.

மணவாழ்க்கையின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். உள்நாட்டுப் போர்க்காலத்தின் வறுமையில் மாக்தா தலைநகரை விட்டு நீங்கி, நெவெல் பகுதியின் உஸ்த்-தோலீசி என்னும் சிற்றூரில் மக்கள் நாடக மேடைக்குக் காட்சித் திரைகள் எழுதினார். அக்காலத்து அவர் தோழி யூலியா ஒபொலென்ஸ்கயாவிற்கு எழுதிய கடிதங்கள் உருசிய ஆவணக்களரியில் காக்கப்பட்டுள்ளன. ஓவியங்கள் அழிந்தும் கடிதங்கள் நின்றன. பின்னர் மாஸ்கோவில் ஆசாரியாரைச் சந்தித்தார். ஆசாரியார் 1919-இல் காபூல் வழிவந்த இந்தியக் குழுவினருடன் லெனினைக் கண்டவர். 1920-இல் தாஷ்கந்தில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி அமைத்தோருள் ஒருவர். அடுத்த ஆண்டிலேயே மானவேந்திரநாத ராயுடன் முரண்பட்டு அக்கட்சியினின்றும் விலக்கப்பட்டவர். இருவரும் மணந்து 1922-இல் பெர்லின் சேர்ந்தனர். அங்கு ஆசாரியார், அரசு என்னும் அமைப்பையே மறுக்கும் அரசின்மைக் கொள்கையினராக மாறி, தம் வாழ்நாள் இறுதிவரை அக்கொள்கையில் நிலைத்தார். கொள்கையின்பொருட்டு எக்கட்சியிலும் ஒட்டாத கணவரும், எக்கலைக்குழுவிலும் ஒட்டாத மனைவியும் இல்லறம் நடத்தினர் என்றால், அவ்வில்லத்தில் பொருள் சேர்ந்திராது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பெர்லினில் உருசிய அகதியர் பெருந்தொகையினராய் வாழ்ந்தனர். அவர்தம் நாளேடான 'ரூல்', 1928-இல் மாக்தா நடத்திய ஓவியக் காட்சியைப்பற்றிய குறிப்பொன்றை வெளியிட்டது. அதனை எழுதியவர், பின்னாளில் ஆங்கில நாவலாசிரியராக உலகப்புகழ் எய்திய விளாதிமிர் நபகோவ். 1933-இல் மாக்தா அவரையும் எழுதினார். மரீனாவை இருபதாம் அகவையில் எழுதியவரே, நபகோவையும் முப்பத்துநான்காம் அகவையில், அகதியர் வட்டத்திற்கு வெளியே அவர் பெயர் பரவுமுன் எழுதினார். புகழுடையோரைத் தேடிச் சென்று எழுதியவர் அல்லர் இவர்; எழுதப்பட்டோர் பின்னர்ப் புகழ் பெற்றனர். இந்நற்பேறே மாக்தாவிற்குத் தீப்பேறாகவும் முடிந்தது. கலைவரலாற்றார் அவர் பெயரை அவ்விருவர் வரலாற்றின் அடிக்குறிப்பில் வைத்துவிட்டனர்.

1930-களின் நடுவில், நாடு திரும்ப ஆசாரியார்க்குப் பிரிட்டிஷ் அரசின் இசைவு கிட்டியபின், இருவரும் பம்பாய் வந்து குடியேறினர். ஐரோப்பாவிலிருந்து தப்பிவந்த கலைஞரும் கலையறிஞரும் அந்நாளில் பம்பாயில் ஒரு சிறு வட்டமாகத் திரண்டனர். ஓவியர் வால்ட்டர் லாங்ஹாமர், திறனாய்வாளர் ருடால்ஃப் வான் லேடன், வியன்னாவின் நடனக் கலைஞர் ஹில்டே ஹோல்கர் ஆகியோர் அவ்வட்டத்தினர். ஹோல்கரின் நடனங்களுக்கு மாக்தா உடை வரைந்தார், ஆடுவோரையும் எழுதினார். பம்பாய்க் கலைச் சங்கத்தின் காட்சிகளில் அவர் படங்கள் இடம்பெற்றன. உருவப்படங்களை விலைக்கு எழுதிக்கொடுத்தும் இல்லம் காத்தார்.

இப்பம்பாய்க் காலத்து ஓவியங்களே மதிப்பிடுதற்கு அரியவை. அவற்றை நான் அச்சுப் படிகளின் வாயிலாகவே அறிவேன். ஆதலின் நிறத்தைப்பற்றி உறுதியாகப் பேசத் துணியேன். பொருளைப்பற்றிப் பேசலாம். உழைக்கும் பெண்டிரும், தாயும் சேயும், முதியோரும், நடனமாடுவோரும் மிகுதியாகக் காணப்படுகின்றனர். அயல்நாட்டார் இந்திய ஏழையரை எழுதும்போது ஒரு பழைய வழுக்கல் உண்டு. கும்பினி ஆட்சிக்காலத்தில் தஞ்சையிலும் பிறவிடங்களிலும் ஐரோப்பியரின் விருப்பத்திற்கென வரையப்பெற்ற தொழில்வகைப் படங்களை நாம் அறிவோம். குயவரும் மனைவியும், வண்ணாரும் மனைவியும் என இணையிணையாக நிற்கும் அவற்றில் உடையும் கருவியும் தெளிவாயிருக்கும். முகம் மட்டும் எல்லார்க்கும் ஒன்றே. மாக்தாவின் படங்கள் இவ்வகையின அல்ல. கருவி பின்னடைய, முகம் முன்வருகிறது. ஒரு முதியவரின் தளர்ந்த கன்னமும் மற்றொருவரின் இறுகிய தாடையும் மாற்றி வைக்க இயலாதன. பீட்டர்ஸ்பர்க்கில் கற்ற பாடம் பம்பாய்த் தெருவில் பயன்பட்டது.

எனினும் ஒரு குறையைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. மாக்தாவின் படங்களில் கவிஞர்க்கும் செல்வர்க்கும் பெயர் உண்டு; உழைப்போர்க்குப் பெயர் இல்லை. 'பெண்', 'தாய்' என்னும் பொதுப்பெயரே அவர்க்கு எஞ்சியது. நம் அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் இயற்பெயர் கூறாமை மரபன்றோ, அதுபோல இதனையும் கொள்ளலாகாதோ எனின், கொள்ளலாகாது. அகத்தில் பெயர் ஒழிவது, அவ்வுணர்வு கேட்போர் யாவர்க்கும் உரியதாகும்பொருட்டு. இங்கோ பெயர் ஒழிந்தது, அதனைக் குறித்துவைப்பார் இன்மையால். முகத்தை இத்துணைத் தனித்தன்மையோடு எழுதிய கலைஞரின் படங்களில் பெயர் விடுபடுதல் உறுத்துகிறது. இது ஓவியரின் பிழையோ, பின்னாளில் படங்களைக் கையாண்டோரின் பிழையோ, இரண்டுமோ ஆகலாம். ஓவியரின் பெயரே அடுத்த ஐம்பதாண்டில் அவ்வாறு ஒழிந்துபோனது.

ஒழிந்ததற்குக் காரணம் காண்பது கடினமன்று. 1947-இல் சூசா, ரசா, உசேன் முதலியோர் பம்பாயில் முற்போக்கு ஓவியர் குழுவை அமைத்தனர். உருவத்தைச் சிதைத்து அமைக்கும் புதுநெறியே இனிக் கலை என்னும் கருத்து அவர்களால் வலுப்பெற்றது. அந்நோக்கில் பார்த்தார்க்கு மாக்தாவின் அமைதியான முகங்கள் பழமையாகத் தோன்றின. இந்திய மரபை மீட்க விழைந்தார்க்கோ அவர் அயலார். உருசியாவில் புலம்பெயர்ந்தோர் பெயரை எழுதுதலே அந்நாளில் இடர்ப்பாடாயிருந்தது. ஜெர்மனியில் அவரை நினைவுகூர்வார் எஞ்சவில்லை. கலைவரலாறு நாட்டுவாரியாகவும் இயக்கவாரியாகவும் எழுதப்படும்வரை, நாடும் இயக்கமும் இல்லாதார்க்கு அதில் இயல் இல்லை. புதுநெறியினரின் ஆற்றலை நான் குறைத்துரைக்கவில்லை. சூசாவின் சினமும் ரசாவின் நிறமும் மாக்தாவிடம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் இல்லாததைக்கொண்டு அளப்பது அளவாகாது. எதிரே அமர்ந்த மனிதரைத் தம் உணர்ச்சிக்குக் கருவியாக்காது விட்ட ஓவியர், அந்நூற்றாண்டில் பலர் இலர்.

1951 பிப்ரவரி 12-ஆம் நாள், பம்பாயில் சார்லசு பெத்ராசு நடத்திவந்த அயல்மொழிக் கழகத்தில் மாக்தாவின் ஓவியக் காட்சி தொடங்குவதாயிருந்தது. தொடங்குதற்குச் சில மணி நேரத்திற்கு முன் அவர் உயிர் நீத்தார். சுவரில் மாட்டிய படங்கள் மாட்டியவாறே இருக்க, காட்சி நினைவுக் காட்சியாக மாறியது. நோயும் வறுமையும் சூழ்ந்த ஆசாரியார், மனைவியின் படங்களை விற்றே அதன்பின் தம் நாள்களைக் கழிக்க நேர்ந்தது. அவரும் 1954-இல் மறைந்தார். அவ்வாறு கைமாறிய படங்களுள் எத்தனை, எவ்வீட்டுச் சுவரில், எவர் எழுதியது என்று அறியப்படாமலே இன்றும் தொங்குகின்றனவோ!